வளர்த்திக்கு விட்ட துணி

ரத்னபாய் வேதக்கோயிலில் முதன்முதலாக ஆர்மோனியத்தின் மிதிகளை மிதித்த அந்தச் சனிக்கிழமை முற்பகலில், ஊரின் மறுகோடியில் அவள் வீட்டில் ஆளில்லாமல் கிடந்த தையல் மெஷின் தானாக ஓடத் தொடங்கி, ஊசிக்கடியில் அவள் பாதியில் விட்டுப்போயிருந்த நீலப் பாவாடையின் கீழ்மடிப்பை ஒரு முழ நீளத்துக்குத் தைத்தது. அவள் மிதியிலிருந்து காலை எடுத்தபோது அதுவும் நின்றது.

அவளுடைய ஒன்பது வயது மகள் சூசன்னா அப்போது வாசலில் உட்கார்ந்து பித்தான்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தவள் பக்கத்து வீட்டு ஜெபமணியிடம் ஓடி, "அத்தை, அம்மா இல்லாம மெஷின் தைக்குது" என்றாள். ஜெபமணி கையில் ஒட்டிய மீன் செதிலோடு வந்தாள். துணி கோணாமல் போகிறதா என்று குனிந்து பார்த்தாள். "நேராத்தான் போகுது. நூல் தீந்துரும், பாபினை மாத்தி வை" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பிப் போனாள்.

ஊரின் பெயர் சமாதானவிளை. உப்பளத்துக்கும் செம்மண் தேரிக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியர் சித்திரையில் மாற்றலாகிப் போய்விட, சபைக் கமிட்டி கூடி, யார் யார் என்று வெகுநேரம் பேசி, கடைசியில் கால் பழகின ஆள் வேண்டும், கை எப்படியும் பின்னால் பழகிக்கொள்ளும் என்று முடிவு செய்தது. பதினாறு வருஷமாக மெஷின் மிதிக்கிறவள் ரத்னபாய் ஒருத்திதான். அவள் புருஷன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. வேண்டாம் என்று அவள் சார்பில் சொல்ல வீட்டில் ஆளில்லை. அவளாகச் சொல்ல வாயெடுத்தபோது கோயிலை நடத்துகிற உபதேசியார் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

அப்போது அவள் கையில் நான்கு வேலைகள் இருந்தன. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன் இருபத்துமூன்று நீலச் சீருடைகள். பேராயர் வந்து, வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் கொடுக்கும்போது பெண்பிள்ளைகள் உடுத்த பதினோரு வெள்ளைக் கவுன்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை. பலிபீடத்துக்கு விரிக்கிற துணி, அதன் நாலு ஓரத்திலும் திராட்சைக் கொடி, கையால் போட வேண்டியது. இப்போது ஐந்தாவதாக ஆர்மோனியம். அவளுக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு ஒரு வழி செய்தாள்: ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் ஒவ்வொரு நிற நூலைச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். ஊரே மனப்பாடமாகப் பாடுகிற பாட்டுகளின் ராகத்தைக் காதால் தேடி, கட்டையைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த வரிசையில் ஒரு துணிப்பட்டையில் அதே நிற நூல்களால் தையல் போட்டுக்கொண்டே வந்தாள்; நீளமாக இழுக்கிற இடத்துக்கு நீளத் தையல், சட்டென்று விடுகிற இடத்துக்குக் குட்டைத் தையல். ஒரு பாட்டுக்கு ஒரு பட்டை. அதை ஆர்மோனியத்தின் முன்பலகையில் குண்டூசியால் குத்தி வைத்து, ஊசி போன வழியே விரல்களை நடத்தினாள். ஆரம்பத்தில் மெஷின் மிதிக்கிற பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்தே மிதித்தாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது. "பாட்டை ஒட்டுப்போட்டுத் தைக்கிற மாதிரியில்லா இருக்கு" என்று பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் மெஷினும் அப்படியே விட்டுவிட்டுத் தைத்தது. அவள் காலை மாற்றி மாற்றி மிதிக்கப் பழகியபோது அதன் தையலும் சீரானது.

உபதேசியார் இதைப்பற்றி ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்தார். மறு ஞாயிறு வேறு வசனத்துக்குப் போய்விட்டார். ஊர் அதற்குள் இதில் இருக்கிற வசதியைக் கண்டுகொண்டது. ரத்னபாய் கோயிலுக்குப் புறப்படும்போது இரண்டு பெண்கள் அவள் வீட்டுக்கு வந்து மெஷினின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள், ஒருத்தி துணியை உள்ளே கொடுக்க, ஒருத்தி மறுபக்கம் வாங்க. மெதுவான கீர்த்தனைக்குத் தையல் நீளமாக விழுந்தது, கைதட்டிப் பாடுகிற பாட்டுக்கு நெருக்கமாக விழுந்தது. சீருடைக்கு எது, கவுனுக்கு எது என்று பெண்களே பிரித்து வைத்தார்கள். "பட்டுத் துணி சுருங்குது ரத்னா, நாளைக்கு அந்த அறுப்புப் பண்டிகைப் பாட்டை வாசிக்காத, தாலாட்டு மாதிரி ஏதாவது வாசி" என்று கல்யாணப் பெண்ணின் தாய் வழியில் நிறுத்திச் சொன்னாள். ரத்னபாய் பலிபீடத் துணியைக் கோயிலுக்கே கொண்டுபோய், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இரண்டு இலை, மூன்று இலை என்று போட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை நடந்தும் அவளுக்கு மிச்சமாக ஒரு நாழிகை கிடைக்கவில்லை. வேலை வேகமாக நடக்கிறது என்று தெரிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்களும் துணி கொண்டுவந்து போட்டார்கள்.

வைகாசி பிறந்ததும் உபதேசியார் அடக்க ஆராதனைப் பாட்டையும் பழகி வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றப் பாட்டுகள் தேவைப்படும் நாள் முன்கூட்டியே தெரியும், இது ஒன்றுதான் சொல்லாமல் வரும் என்றார். அவள் அதற்கும் ஒரு பட்டை தைத்தாள். ஏறக்குறைய எல்லாமே நீளத் தையல்கள்.

அந்தப் பாட்டை அவள் முதல்முறை தப்பில்லாமல் முழுக்க வாசித்த அன்று, வீட்டில் மெஷின் தனக்குக் கொடுத்திருந்த சீருடையைத் தைக்கவில்லை. கூட இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியிலிருந்த வெள்ளை மல் துணி இறங்கி வந்து ஊசிக்கடியில் போனது. பாட்டு முடிந்தபோது தரையில் ஒரு நீள அங்கி கிடந்தது. சமாதானவிளையில் இறந்தவர்களுக்கு வாங்கிய துணி உடுத்துவதில்லை. உடலை அளவெடுத்து, பையும் பித்தானும் இல்லாமல் புதிதாகத் தைத்த வெள்ளை அங்கிதான். தன் புருஷனுக்கும் ரத்னபாய்தான் அளவெடுத்தாள். அதனால் தரையில் கிடந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் வலது கை இடது கையைவிட ஆறு விரற்கடை குட்டையாக இருந்தது. சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து கை கோணலாகக் கூடிப்போன தவசிமுத்துவைத் தவிர ஊரில் அந்த அளவுக்கு வேறு ஆள் கிடையாது.

தவசிமுத்து வந்து போட்டுப் பார்த்தார். "கழுத்து கொஞ்சம் இறுக்கமாருக்கு. சரி, அங்க எவன் பாக்கப்போறான்" என்றார். அங்கியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர், பதினேழு வருஷமாகப் பேசாத தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், ஒழுகுகிற கூரையை மாற்றினார், பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை.

இனி அந்தப் பாட்டுக்கு ஆர்மோனியம் வேண்டாம், சும்மா வாயால் பாடிக்கொள்ளலாம் என்று கமிட்டியில் இரண்டு பேர் சொன்னார்கள். தவசிமுத்துவின் மகன் எழுந்து நின்றான். "ஊருக்கே ஆர்மோனியம் வாசிச்சு அடக்கம் பண்ணிருக்கிய. எங்க அப்பாவுக்கு மட்டும் இல்லாம போடணுமா? நாங்க என்ன அநாதையா?"  ரத்னபாய் வாசித்தாள். வாசித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியபோது அடுத்த அங்கி தயாராக இருந்தது. குட்டையாக, முதுகுப்பக்கம் கூனுக்கு இடம் விட்டு. அது ஜெபமணியின் மாமியார் ரூத்தம்மாளுக்கு.

ரூத்தம்மாள் அதைத் துவைத்துக் காயப்போட்டுக் கஞ்சி போட்டு வைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். ஊரில் அப்போது ஒருவகை நிம்மதிகூட இருந்தது என்று சொல்ல வேண்டும். அங்கி தன் அளவில்லை என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் நன்றாகத் தூங்கினார்கள். பதினைந்தாம் நாள் ரூத்தம்மாள் போனாள்.

இந்தமுறை முன்னேற்பாடாக மெஷினின் ஊசியைக் கழற்றி, சக்கரத்தைக் கயிற்றால் கட்டி, வீட்டிலிருந்த வெள்ளைத் துணியையெல்லாம் ஜெபமணி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மெஷினையே தூக்கிக் கடலில் போட்டுவிட்டால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, "ஆறு நாள்ல பள்ளிக்கூடம் திறக்குது, உம்ம பிள்ளையளை அம்மணமாவா அனுப்புவீரு?" என்று பெண்கள் கேட்டார்கள். ரத்னபாய் ஜெபமணியின் புருஷனிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த ஒரு அடக்கத்துக்கு நான் வாசிக்காம இருந்துக்கிடுதேன்."

"தவசிக்கு வாசிச்சியே."

"வாசிச்சேன்."

"எங்கம்மை தவசியவிட எதுல குறைஞ்சவ? ஒனக்குப் பேறுகாலம் பாத்தவ அவ." அவன் அழுதுகொண்டிருந்தான். "வேற எந்த வீட்டுச் சாவிலயும் வேண்டாம்னு வச்சுக்கிடுங்க. எங்க வீட்டுல இருந்து ஆரம்பிக்காதிய."

அவள் வாசித்தாள். கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுத்ததும், அடக்கத்துக்குக்கூட நிற்காமல், செருப்பை மறந்து, வீட்டுக்கு ஓடினாள். கயிறு அவிழ்ந்து கிடந்தது, கழற்றிய ஊசி மறுபடி ஏறியிருந்தது. எடுத்து வைக்க மறந்து சட்டத்திலேயே மாட்டியிருந்த திடப்படுத்தல் கவுன் ஒன்றைப் பிரித்து, அந்தத் துணியில், சின்னதாக ஓர் அங்கி.

மறுநாள் காலை ஊரிலுள்ள தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தார்கள்.  பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்று நெளிந்தது, ஒன்று முன்னால் நிற்பதைக் கிள்ளியது. அங்கி ஒரு பிள்ளைக்குத் தோளில் இறங்கவில்லை, ஒரு பிள்ளைக்குத் தரையில் புரண்டது. பொருந்தாத ஒவ்வொரு முறையும் ஒரு தாய் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படலைத் தாண்டிப் போனாள். கடைசியில் முற்றத்தில் சூசன்னா மட்டும் இருந்தாள். யாரும் சொல்லுமுன் அவளே தலைவழியாகப் போட்டுக்கொண்டாள்.

"சரியாருக்கும்மா. கக்கத்துல மட்டும் உரசுது" என்றாள்.

ரத்னபாய் அதைக் கழற்றி வாங்கினாள். எரிக்கலாம் என்று அடுப்புப் பக்கம் போனவளின் கையை ஜெபமணி பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இத எரிச்சா பிள்ளைக்கும் எரியுமோ என்னமோ. குடு இங்க." வாங்கி உள்பக்கம் திருப்பினாள். திருப்பியவள் தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இங்க பாரு. உள்ள விட்டுத் தைச்சிருக்கு."

பக்கத் தையலுக்கு உள்ளே இருபுறமும் நாலு விரல் துணி மடிந்து கிடந்தது. தோளிலும் இருந்தது. கீழே மடிப்பு ஒரு சாண் இருந்தது. பிள்ளைகளுக்குத் தைக்கும்போது ரத்னபாய் எப்போதும் செய்வது அது; அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று வளர்த்திக்கு விடுகிற துணி. தவசிமுத்துவின் அங்கியிலோ ரூத்தம்மாளின் அங்கியிலோ ஓர் இழைகூட அப்படி விட்டிருக்கவில்லை.

"பிரிச்சு விட்டா எம்புட்டுப் பெருசாகும்?" என்று ஜெபமணி கேட்டாள்.

 ரத்னபாயின் கை அதற்குள் அளந்துவிட்டிருந்தது.

"மெலிஞ்ச ஆளுக்கு வருமா?"

ஊரில் மெலிந்த ஆள் யார் என்று இருவருக்கும் தெரியும். மாசிலாமணி, எண்பத்திரண்டு வயது, இடுப்பு விழுந்து நாலு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறவர். பிள்ளை குட்டி இல்லை. ஊர் முறைவைத்து வீட்டுக்கு ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது. விஷயம் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "அவருக்கும் கஷ்டந்தானே, புண்ணு வேற" என்றாள், இன்னொருத்தி ஆமாம் என்றாள். பிறகு மூன்றாவது ஒருத்தி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னாள். "அவருக்கு ஆர்மோனியம் வேணும்னு மல்லுக்கு நிக்க யாரும் கிடையாது. அதோட இது நின்னுரும்."

ரத்னபாய் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, பிளேடால் தையலைப் பிரித்தாள். மெஷின் பக்கம் போகாமல் கையால் தைத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் போட்ட தையல்களில் அவ்வளவு நேரான தையல் அதுவரை இல்லை.

மறுநாள் அவருக்குச் சோறு கொண்டுபோகும் முறை அவளுடையதாக இல்லை. முறைக்காரி பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். கூட இஞ்சு டேப்பும் அங்கியும் இருந்த பையோடு அவள் போனபோது மாசிலாமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"யாரு? நடைச் சத்தத்தக் கேட்டா ரத்னபாய் மாதிரி இருக்கே. இன்னைக்கு என்ன குழம்பு?"

"சாளைக் குழம்பு, பெரியப்பா."

"முள்ளு எடுத்துக் குடு."  அவர் சாப்பிட்டு முடிந்து அவள் கையைத் துடைத்துவிட்டபோது, "பையில என்ன, அதுவா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"நேத்தே தெரியும். நாலு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்காத ஜன்னல்ல, நேத்து ஒம்பது பேரு எட்டிப் பாத்துட்டுப் போனாளுவ." அவர் கையை நீட்டி அங்கியை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், பக்கவாட்டில் பழைய தையல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தன. "நாலு விரல் விட்டிருந்துச்சோ?"

"ஆமா."

"அப்படின்னா பிள்ளை வளரும்னுதானே விட்டிருக்கு. வளர நாளும் சேத்து விட்டிருக்கும்லா? நாலு வருஷமோ, அஞ்சு வருஷமோ."

இதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிளேடை எடுத்திருக்கமாட்டாள் என்றும் சொல்ல முடியாது. அவள் அங்கியை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கப் போனாள். பாதியில் கை நின்றது. நாலு வருஷம் கழித்து சூசன்னாவுக்குப் பதிமூன்று வயது.

"அப்படித்தான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, பெரியப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் தையக்காரனா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. பிறகு இரண்டு கைகளையும் கட்டிலுக்கு மேலே தூக்கினார்.  "போட்டு விடு. கை வலிக்குது."

அவள் போட்டுவிட்டாள். தோள் சரியாக இருந்தது. நீளம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"ஒண்ணு கேக்கேன்," என்றார் அவர். "நாலு வருஷமா நான் கோயிலுக்கு வரல. பாட்டு காத்துல வரும், ஆனா ஆர்மோனியம் இம்புட்டு தூரம் கேக்காது. ஒன் வாசிப்ப நான் ஒருதடவகூடக் கேக்கல. எனக்கு அடக்கத்துக்கு வாசிப்பேல்லா?"

அவள் அங்கியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு மக்ளே. மத்தவங்களுக்கெல்லாம் கேக்கதுக்கு ஆள் இருந்துச்சு. எனக்கு நான்தான் கேக்கணும்."

"வாசிக்கேன், பெரியப்பா" என்றாள் ரத்னபாய்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். ஊர் முழுவதும் வந்தது. தவசிமுத்துவுக்கோ ரூத்தம்மாளுக்கோ வராதவர்கள்கூட வந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்க ஆண்கள் போட்டி போட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாலை வந்தது. இருபத்துமூன்று பிள்ளைகளும் நீலச் சீருடையில் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து முன்வரிசையில் நின்றார்கள். அவர்களில் மூன்றாவதாக சூசன்னா நின்றாள், ஒரு சடை அவிழ்ந்திருந்தது. ரத்னபாய் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். கோயிலில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். ஜெபமணி எழுந்து அவளிடம் வரப் பார்த்தாள், அவள் புருஷன் சேலையைப் பிடித்து உட்கார வைத்தான்.

நீளத் தையல்கள் போட்ட பட்டையை எடுத்து அவள் முன்பலகையில் குத்தி வைத்தாள். உபதேசியார் பாட்டின் எண்ணைச் சொன்னார். ரத்னபாயின் விரல்கள் சிவப்பு நூல் ஒட்டிய கட்டையில் இறங்கின, அங்கிருந்து பச்சைக்குப் போயின, பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போயின, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன, எழ வேண்டிய இடத்தில் எழுந்தன. அவளுடைய இரண்டு பாதங்களும் மிதிகளுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தன. காற்று ஏறாத கட்டைகள் பல் தட்டுவதுபோல் மெல்லத் தட்டிக்கொண்டன.

அந்த ஓசை கோயிலில் எல்லோருக்கும் கேட்டது. ஒரு வரி நீளத்துக்கு ஒருவரும் பாடவில்லை. முதலில் ஜெபமணி குரலெடுத்தாள். பிறகு தவசிமுத்துவின் மகன். பிறகு தாய்மார்கள் அத்தனை பேரும், பிறகு ஆண்கள், பிறகு என்னவென்று தெரியாமலே பிள்ளைகள். கட்டைகள் தட்டுவது கேட்காமல் போகும்வரை சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், கேட்காமல் போன பிறகும் இறக்காமல், எட்டுச் சரணங்களையும் பாடினார்கள். வழக்கமாக நாலோடு நிறுத்திவிடுவார்கள். அதுவரை எந்தச் சாவுக்கும் சமாதானவிளை அப்படிப் பாடியதில்லை. சவப்பெட்டியில் மாசிலாமணி, முழங்காலுக்குக் கீழே ஏறி நின்ற அங்கியோடு, இரு பக்கமும் ஊசித் துளைகளோடு படுத்திருந்தார். எட்டாவது சரணம் முடியும்வரை ரத்னபாய் ஒரு கட்டைகூடத் தவறவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சூசன்னா முன்னால் ஓடிப்போய் வீட்டைப் பார்த்துவிட்டு எதிரே வந்து, மெஷினில் ஒன்றும் இல்லை என்றாள். சுற்றி வந்துகொண்டிருந்தவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் தங்களுக்குள் மழையைப்பற்றிப் பேசத் தொடங்கினார்கள். உபதேசியார் நடையை எட்டிப்போட்டு ரத்னபாயின் பக்கத்தில் வந்தார். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னைக்கு ரொம்ப நல்லா வாசிச்ச ரத்னபாய்," என்றார். "ஓரிடத்துலகூடத் தப்பே வரல."

"ஆமாய்யா" என்றாள் அவள்.